தாத்தாவின் கடிதங்கள்: டிஃப்பிலிருந்து பிஎன்ஜிக்கு

அம்மாவுக்குக் கல்யாணமான பிறகு தாத்தா எழுதிய இன்லாண்டு கடிதங்கள் 94 இருக்கின்றன. எல்லாவற்றையும் 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம், ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். ஒரு கடிதத்துக்கு டிஃப் என்ற பட வடிவத்தில் ஒரு கோப்பு, முன்பக்கமும் பின்பக்கமும் அதற்குள்ளேயே. ஒரு பக்கம் ஏறக்குறைய 2200 × 2600 பிக்சல். ஒரு பிக்சலுக்கு மூன்று பைட் என்று கணக்குப் போட்டால் பக்கத்துக்கு 17 எம்பி, மொத்தம் 3 ஜிபிக்கு மேல். அம்மாவின் போன் டிஃப்பைத் திறக்கவும் இல்லை. அதனால்தான் இந்த மாற்றும் வேலையே தொடங்கியது.

முதல் நாள் இமேஜ்மேஜிக் என்ற படம் மாற்றும் மென்பொருளை நிறுவி, எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் ஜேபெக் வடிவப் படங்களாக ஆக்கினேன். கோப்பு சின்னதாக இருக்கட்டும் என்று தரத்தை 30 என்று கொடுத்தேன். 17 எம்பி பக்கம் அரை எம்பிக்கும் கீழே வந்துவிட்டது. சந்தோஷமாக அம்மாவுக்கு அனுப்பினேன். சாயங்காலம் போன் வந்தது.

"ஏம்ப்பா, புள்ளியெல்லாம் எங்கே போச்சு? அப்பா புள்ளி வைக்காம எழுதவே மாட்டாரே."

பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மா சொன்னது சரி. பல இடங்களில் மெய்யெழுத்தின் புள்ளி காகிதத்தோடு கரைந்திருந்தது, எழுத்தைச் சுற்றி அழுக்கு மாதிரி ஒரு மங்கல்.

காரணம் தேடியதில் எனக்கு ஒரு முழு ராத்திரி போனது. ஜேபெக் படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நுண்ணிய வேறுபாடுகளை முதலில் கழித்துவிடுகிறது. 300 டிபிஐயில் 8 பிக்சல் என்றால் 0.7 மில்லிமீட்டர்கூட இல்லை. தாத்தாவின் பால்பாயின்ட் புள்ளியும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அதற்கு மேல், இமேஜ்மேஜிக் குறைந்த தரத்தில் நிறத் தகவலை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கிச் சேமிக்கிறது. வெளிச்சத்தில் அப்படிக் குறைப்பதில்லை, நிறத்தில் மட்டும். முகம், வானம் என்றால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மஞ்சளேறிய காகிதத்தில் வெளிறிய நீல மை என்பது பெரும்பாலும் நிற வேறுபாடுதானே. கரைய வேண்டியது கரைந்துவிட்டது.

அப்புறம் பிஎன்ஜிக்கு மாறினேன். இது எதையும் கழிக்காமல் சுருக்கும் வடிவம். வெறும் எழுத்துதானே, நன்றாகச் சுருங்கும் என்று நினைத்தேன். 17 எம்பி 11 ஆனதோடு நின்றது. பழைய காகிதத்தின் நாரும் கறையும் ஸ்கேனரின் நுண்புள்ளிகளும் பிக்சலுக்குப் பிக்சல் மாறுவதால் அதற்கு மேல் சுருங்க வழியில்லை. பரவாயில்லை, அந்த நாரும் எனக்கு வேண்டும். இமேஜ்மேஜிக்கின் கம்பேர் கட்டளையில் டிஃப்பையும் பிஎன்ஜியையும் ஒப்பிட்டதில், வேறுபடும் பிக்சல்கள் 0. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பதை மட்டும் சென்டிமீட்டருக்கு 118.11 என்று காட்டியது. பிஎன்ஜி அளவை மீட்டர் கணக்கில் எழுதுவதால் அப்படி. இரண்டும் ஒன்றுதான்.

நடுவில் ஒரு இழப்பு. அகலத்தைக் குறைத்துப் பார்க்கலாம் என்று இமேஜ்மேஜிக்கின் மோக்ரிஃபை கட்டளையை மூலக் கோப்புகள் இருந்த ஃபோல்டரிலேயே ஓட்டிவிட்டேன். வேறு வடிவம் கேட்காவிட்டால் அது மூலத்தின் மேலேயே எழுதிவிடும். நிறுத்துவதற்குள் 11 கடிதங்கள் சிறியதாகிவிட்டன. கடிதங்கள் கையில் இருந்ததால் அந்தப் பதினொன்றையும் மறுபடி ஸ்கேன் செய்தேன். இப்போது மூலங்கள் தனி பென்டிரைவில் இருக்கின்றன.

அம்மாவின் போனுக்கு மட்டும் பிஎன்ஜியிலிருந்து ஜேபெக், தரம் 92. இமேஜ்மேஜிக்கில் 90க்கு மேல் போனால் நிறத் தகவல் பாதியாவதில்லை. பக்கத்துக்கு 3 எம்பி அளவுக்கு வருகிறது. அதைத் திருத்தி மறுபடி ஜேபெக்காகச் சேமிப்பதில்லை, ஒவ்வொரு சேமிப்பிலும் இன்னும் கொஞ்சம் போகும். திருத்தம் வேண்டுமென்றால் திரும்பவும் பிஎன்ஜியிலிருந்து எடுக்கிறேன்.

இதுவரை 61 கடிதங்கள் முடிந்தன. இரண்டு பக்கமும் ஒரே டிஃப்பில் இருந்ததால் பெயரின் பின்னால் 0, 1 என்று வருகிறது, அதை 'முன்', 'பின்' என்று மாற்றிக்கொண்டிருக்கிறேன். நேற்று அனுப்பிய கடிதத்தை அம்மா பெரிதாக்கி, போனிலேயே எனக்கு வாசித்துக் காட்டினார். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, "இந்தப் புள்ளியை ரெண்டு தடவை அழுத்தி வச்சிருக்கார் பாரு" என்றார்.