கிக் விழும்போது பின்வாங்கும் இசை

இப்போதுதான் ஹெட்போனில் பாரிஸின் எலக்ட்ரானிக் இசை ஜோடி தாஃப்ட் பங்கின் 'ஒன் மோர் டைம்' பாட்டு ஓடி முடிந்தது. கிக் ட்ரம் (தாளத்தின் அடியில் 'தும்' என்று ஒலிக்கும் பெரிய ட்ரம்) விழும்போதெல்லாம் மற்ற இசை சட்டெனப் பின்வாங்கி, மூச்சு இழுப்பதுபோல் மறுபடி எழுகிறது. என்ன அழகு!

ஒலியின் அளவைத் தானாகக் குறைக்கும் கம்ப்ரஸரின் வேலை இது.

செய்து பார்க்க நினைப்பவர்கள் மற்ற இசையில் கம்ப்ரஸரை வைத்து, அதை எப்போது அமுக்க வேண்டும் என்று சொல்லும் சைட்செயின் உள்ளீட்டுக்குக் கிக்கைக் கொடுங்கள். சிக்கலெல்லாம் ரிலீஸ் நேரத்தில்தான், அதாவது அமுங்கிய இசை மறுபடி எழ எடுக்கும் நேரத்தில். வேகம் நிமிடத்துக்கு 123 தாள அடி, அடிக்கு ஒரு கிக் என்றால், இரண்டு கிக்குக்கு நடுவே சுமார் 488 மில்லிசெகண்ட். ரிலீஸ் அதைத் தாண்டினால் இசை எழும் முன்பே அடுத்த அடி விழும். எல்லாம் அமுங்கியே கிடக்கும். ரொம்பக் குறைத்தால் பேஸ் கரகரக்கும். 200 மில்லிசெகண்டில் தொடங்கி, காதை நம்பி ஏற்றுங்கள்.

இந்தப் பாட்டு இடம்பெற்ற, 2001-இல் வந்த 'டிஸ்கவரி', இந்த பாரிஸ் ஜோடியின் இரண்டாவது ஆல்பம்.