இரண்டு தடவை எடுத்த பாப் டெஸ்ட்

எனக்கு 42 வயது, தக்கலைப் பக்கம். நாலைந்து வருடமாக நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, போன ஆடியில்தான் பாப் டெஸ்டுக்குப் போனேன்; கர்ப்பப்பை வாயில் செல்களை எடுத்துப் புற்றுநோய் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. அதையும் இரண்டு தடவை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

முதல் தடவை நாகர்கோவிலில் ஓர் இடம். பெயர் வேண்டாம். மாதவிலக்கு நாளில் வரக் கூடாது, முந்தின இரண்டு நாள் உள்ளே மருந்து வைக்கக் கூடாது, தாம்பத்தியமும் கூடாது என்று போனிலேயே சொல்லியிருந்தார்கள்.

டிரேயில் ஸ்பெகுலத்தைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. வாத்தின் அலகு மாதிரி இருந்தது. ஆனால் அது வழியைத் திறந்து பிடிக்க மட்டும்தான். செல் எடுப்பது ஒரு மரக்குச்சி; குச்சி ஐஸில் இருப்பதைவிடக் கொஞ்சம் நீளம், முனையில் ஒரு பக்கம் மட்டும் மூக்கு நீண்டிருக்கும். அந்த மூக்கைக் கர்ப்பப்பை வாயின் துளையில் வைத்து ஒரு முழுச் சுற்று. வலி இல்லை, கூச்சம்தான்.

குச்சியில் ஒட்டியதை நர்ஸ் கண்ணாடி ஸ்லைடில் தேய்க்கவும் அவர் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. ஸ்லைடை டிரேயில் வைத்துவிட்டு, மத்தியானச் சாப்பாடு வேண்டுமா வேண்டாமா என்று யாரிடமோ பேசி முடித்து, அப்புறம்தான் அதை ஆல்கஹால் ஜாடிக்குள் இறக்கினார். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது: செல்கள் காய்ந்துள்ளன, கணிக்க இயலவில்லை, மறுபடி எடுக்கவும். நானோ புற்றுநோய்தான் என்று முடிவு கட்டி இரண்டு ராத்திரி தூங்கவில்லை. "சும்மா கிட பிள்ளே, கேட்டுட்டு வருவோம்" என்று மைனிதான் இன்னொரு டாக்டரிடம் கூட்டிப்போனார்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ஸ்லைடில் தேய்த்த செல்லை ஈரம் காயுமுன் ஆல்கஹாலில் போட வேண்டும். காற்றில் காய்ந்தால் செல் உப்பி, உட்கரு மங்கிவிடும். அந்தப் போன் ஞாபகம் வந்தது.

உடனே எடுக்கவில்லை, இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னார். இந்தத் தடவை சின்னத் துடைப்பம் போல ஒரு பிளாஸ்டிக் பிரஷ். நடு நார்கள் நீளம், அவை துளைக்குள் போகும்; குட்டையான ஓர நார்கள் வெளிப்புறத்தைப் பெருக்கும். ஒரே திசையில் ஐந்து சுற்று, நான் எண்ணினேன். பிரஷ் தலையை அப்படியே திரவம் உள்ள டப்பாவில் போட்டு மூடினார்கள். காய்வதற்கு இடமே இல்லை. அந்த டப்பாவில் இருப்பதை வைத்தே, இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி வைரஸ் இருக்கிறதா என்றும் பார்க்கலாமாம். காசு கூடுதல், ஆனாலும் பார்க்கச் சொல்லிவிட்டேன்.

"அப்போ அந்த மரக்குச்சி மோசமா டாக்டர்?"

"1947-லிருந்து இருக்கு. எடுக்கிற கை ஒழுங்கா இருந்தா அதுவும் போதும்."

அன்று லேசாக ரத்தம் பட்டது, மறுநாள் இல்லை. ரிப்போர்ட்டில் இரண்டுமே கோளாறு இல்லை. செலவைக் கேட்ட மைனி, முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போகிறாராம். 30 வயது தாண்டியவர்களுக்கு அங்கே கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி, நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது இலவசம். வியாழக்கிழமை மட்டும் வேண்டாமாம், அன்றைக்கு மகளிர் குழுக் கூட்டம்.