மை காய்ந்த கதை

காட்டின் மேல் ஊருக்கு உரிமை கேட்கும் மனுவான சி படிவம் ஒருவழியாக உள்ளே போய்விட்டது. அலைந்தது மூன்று தடவை.

ஊர், ஜவ்வாது மலையில் அணைக்கட்டுப் பக்கம். நான் புவியியல் ஆய்வு மாணவன். 2006 வன உரிமைச் சட்டத்தில் சமுதாய வன வளத்துக்கு, அதாவது ஊரே வழிவழியாகப் பயன்படுத்திவரும் காட்டுக்கு, மனுப் போடும் ஊர்க்காரர்களோடு நடந்து எல்லையை ஜிபிஎஸ்ஸில் குறித்தேன். வன உரிமைக் குழு, பெரியவர்கள் வாக்குமூலம் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

முதல் தடவை, மனு வாங்குகிறவர் வரைபடத்தை விரித்தார். "சர்வே நம்பர் எங்க?" காப்புக்காட்டுக்குள் எங்களிடம் இருந்தவை ஊர் வழங்கும் பெயர்கள்தான்: கடுக்காய்ச் சரிவு, மாடு தண்ணி குடிக்கிற ஓடை. "இதெல்லாம் அட்ரஸா? சாட்டிலைட் படம் கொண்டாங்க." கூட வந்த ஊர்த்தலைவர், ஊர்க்கவுண்டர், சாமை அறுப்பை விட்டுவிட்டு வந்திருந்தார். ஒடுகத்தூர் வரும்வரை பஸ்ஸில் அவர் பேசவே இல்லை.

அடுத்த தடவை 2012 திருத்த விதிகளைப் பிரிண்ட் எடுத்துப் போனேன். சாட்டிலைட் படம் மற்ற சான்றுகளுக்குத் துணைதான், மாற்று ஆகாது என்ற வரியில் மஞ்சள் அடித்திருந்தேன். படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. தீர்மான நோட்டைப் புரட்டினார். கிராம சபைக்குப் பாதிப் பேராவது வரணும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்கணும். நோட்டில் பெண்களின் ரேகை போதவில்லை. சபைக்குப் பெண்கள் வந்தார்கள்தான். ஆனால் அன்று மைப்பெட்டி காய்ந்துபோயிருந்தது. 'அப்புறம் ரேகை வைக்கலாம்' என்று நாங்களே அனுப்பிவிட்டோம். மனுவைத் திருப்பியதில் அவர் மேல் தப்பே இல்லை. பழைய தேதிக்கே ரேகை வாங்கிடலாம் என்றார் ஒருவர். அந்தப் பக்கமே போகாதீர்கள். சபையை மறுபடி கூட்டினோம்.

கூட்டியதும் நல்லதுக்குத்தான். வரைபடத்தைச் சுற்றி உட்கார்ந்த ஒரு பாட்டி, "தேன் பாறைய ஏன் கண்ணு போட்ட? கீழ இருக்கறவன் பாத்துட்டு வந்து அடிச்சுட்டுப் போவான்" என்றார். எல்லையை மட்டும் வைத்துக்கொண்டு பாறைகளை வரைபடத்திலிருந்து அழித்தேன். ஆய்வேட்டிலும் அவை வராது. என் கைடுக்கு வருத்தம், இருக்கட்டும்.

இன்னொன்று: பழங்குடிப் பட்டியலில் மலையாளி (கேரளத்துக்காரர் இல்லை, இந்த மலைவாழ் பழங்குடியின் பெயர்) என்பதற்குப் பக்கத்தில் பழைய மாவட்டப் பெயரான வட ஆற்காடு என்றே இருக்கும். மாவட்டம் 1989-லேயே பிரிந்துவிட்டதே என்று யாராவது கிளப்பினால் பதறாதீர்கள்.

மூன்றாம் தடவை வேறு ஆள் இருந்தார், பத்து நிமிடத்தில் வாங்கிக்கொண்டார். நகலில் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு சீல் கேட்டு வாங்குங்கள். எங்களுடையது மங்கலாக விழுந்தது. ஊர்க்கவுண்டர் குனிந்து பார்த்தார். "மை காஞ்சிருக்குது சார், இன்னொரு தபா அழுத்திக் குத்துங்க."