திருடன் யாரென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்

பள்ளி விடுமுறையில் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே துப்பறியும் விளையாட்டு வைப்பவர்கள் எடுத்த எடுப்பிலேயே புதிர்ச்சீட்டு எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். பத்து வயதுப் பிள்ளை நொடியில் விடையைச் சொல்லிவிடும், ஏழு வயது தூணைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும். ஜெர்மன் எழுத்தாளர் எரிக் கேஸ்ட்னர் 1929இல் எழுதிய 'எமிலும் துப்பறிவாளர்களும்' கதையில் அப்படிப் புதிரே கிடையாது. பெர்லின் ரயிலில் எமில் என்ற சிறுவன் தூங்கிப்போகிறான், 140 மார்க் (ஜெர்மன் பணம்) பறிபோகிறது. எடுத்தது தொப்பிக்காரர் குருண்டைஸ் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆளைக் கண்பார்வையிலேயே வைத்திருக்க வேண்டும், பணம் எமிலுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டும். கதை முழுக்க இந்த இரண்டு வேலைதான்.

விளையாட்டையும் அப்படியே அமையுங்கள். திருடனாக ஒரு பெரியவர், துப்பறிய எட்டுப் பிள்ளைகள், முக்கால் மணி நேரம். நால்வர் கண்காணிக்க, இருவர் சேதி கொண்டு ஓட, ஒருவர் தலைவர், ஒருவர் சேதி வாங்கும் மேசையில். திருடன் மின்தூக்கியில் ஏறக் கூடாது. ஏறினால் எல்லாரும் கதவை மொய்ப்பார்கள், அத்தோடு ஆட்டம் கலைந்துவிடும். கார்பார்க் பக்கம் போகவே வேண்டாம்.

மேசைக்கு யாரை உட்காரவைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கதையில் டீன்ஸ்டாக் என்ற சின்னப் பையன் வீட்டில் தொலைபேசியை விட்டு நகராமல் இருக்கிறான். மற்றவர்கள் அவனுக்குத்தான் தகவல் சொல்கிறார்கள். ஓட முடியாத பிள்ளைக்கு ஆறுதலாக இந்த இடத்தைக் கொடுத்தால் சேதிகள் குழம்பும், கண்காணிப்பவர்கள் ஒரே தூணுக்குப் பின்னால் போய் நிற்பார்கள். தெளிவாகப் பேசுகிற, பொறுமையான பிள்ளையை வையுங்கள். இடம், நேரம், திருடன் செய்தது என்று மூன்றும் சொன்னால்தான் சேதி ஏற்கப்படும், அதுவும் தமிழில். மணிக்கணக்கில் ஆங்கிலம் பேசுகிற பிள்ளைகள்கூட அங்கே 'இடது பக்கம் திரும்பிட்டாரு' என்று கத்துவதைக் கேட்கலாம்!

அடுத்தது சாட்சியம். எமில் நோட்டுகளைக் கோட்டின் உள்பக்கம் ஊசியால் குத்தி வைத்திருந்தான்; அந்தத் துளைகள்தான் வங்கியில் திருடனை மாட்டிவிட்டன. சாதாரண 80 கிராம் தாளில் மூன்று நோட்டு வெட்டி, ஒன்றாக உறையில் போட்டு, துணியோடு குண்டூசியால் நீங்களே குத்துங்கள். ஊசி உள்ளே போய் வெளியே வருவதால் ஒவ்வொன்றிலும் இரண்டு துளை. நோட்டை இரண்டாக மடித்திருந்தால் நான்கு. சேஃப்டி பின் வேண்டாம், துளை பெரிதாகித் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். நிஜ சிங்கப்பூர் வெள்ளி நோட்டில் கைவைக்காதீர்கள், அது குற்றம்.

திருடன் பையில் இவற்றோடு, குழப்புவதற்காக ஸ்டேப்ளர் அடித்துப் பிரித்த மூன்று நோட்டும் இருக்கட்டும். அவற்றிலும் இரண்டிரண்டு துளைதான். ஆனால் ஸ்டேப்ளர் துளைகளின் இடைவெளி மாறவே மாறாது. ஊசித்துளைகள் மூன்று நோட்டையும் அடுக்கினால் மட்டுமே ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து இதைச் சொல்ல வேண்டியது பிள்ளைகள். தீர்ப்புச் சொல்லும் காசாளராக வேறொரு பெரியவர் வரட்டும். திருடனே தீர்ப்பும் சொன்னால் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டுவிடுவார், நோட்டை யாரும் தூக்கிப் பார்க்கக்கூட மாட்டார்கள்.