நோர்வே–சுவீடன் உறவு: வரலாற்று வாய்மூலப் பரீட்சைக்குப் போகிறவர்களுக்கு

நேற்று வாய்மூலம் முடிந்த கையோடு புள்ளியும் சொல்லிவிட்டார்கள்: ஆறுக்கு ஐந்து. பெரிய நிம்மதி. அடுத்த வருடம் இங்கே நோர்வேயில் இதே பரீட்சைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்காக இப்போதே எழுதுகிறேன். எனக்கு விழுந்த தலைப்பு, 1814 முதல் இன்றுவரை நோர்வே–சுவீடன் உறவு.

எல்லாவற்றுக்கும் முதல், சுவீடன் பக்கத்தையும் படியுங்கள். 1905 ஜூன் 7 அன்று ஸ்டோர்ட்டிங் (நோர்வே நாடாளுமன்றம்), 1814 முதல் ஒரே மன்னரின் கீழ் இருந்த நோர்வே–சுவீடன் ஒன்றியத்தை முடித்துக்கொண்டது என்று எல்லாரும்தான் சொல்வார்கள். அது ஸ்டாக்ஹோமில் எப்படிப் பட்டிருக்கும்? இரு தரப்பும் சேர்ந்து செய்ததை ஒரு தரப்பு மட்டும் முறித்துவிட்டது என்றுதான். அதனால்தான் சுவீடன் நோர்வே மக்களின் முடிவைக் கேட்டது, முறையான பேச்சுவார்த்தை கேட்டது, எல்லைக் கோட்டைகளை இடிக்கவும் கேட்டது. ஆகஸ்ட் 13 வாக்கெடுப்பில் பிரிவுக்கு ஆதரவு 368,208, எதிர்ப்பு 184. பிறகு சுவீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் இரு தரப்புப் பேச்சுவார்த்தை. இப்படிச் சொன்ன பிறகு எனக்கு வந்த கேள்விகள் எல்லாம் இந்தத் திசையிலேயே இருந்தன. என் புள்ளி இதிலிருந்துதான் வந்தது என்று நம்புகிறேன்.

ஒன்றியம் முறியக் காரணமான கொன்சல் தகராறைச் சின்ன விடயம் என்று தாண்டிப் போகாதீர்கள். கொன்சல் என்றால் வெளிநாட்டுத் துறைமுகங்களில் தன் நாட்டுக் கப்பல், வணிகத்தைக் கவனிக்கும் அதிகாரி. நோர்வேயின் வணிகக் கப்பல்கள் உலகம் முழுக்க ஓடின, ஆனால் வெளிவிவகாரம் ஸ்டாக்ஹோமின் கையில். ஸ்டோர்ட்டிங் தனிக் கொன்சல் சேவைக்குச் சட்டம் இயற்றியது. இரு நாட்டுக்கும் மன்னரான இரண்டாம் ஒஸ்கார் 1905 மே 27 அன்று ஒப்புதல் தர மறுத்தார். நோர்வே பிரதமர் மிக்கெல்சனின் அமைச்சரவை விலகியது. மன்னரால் வேறு அமைச்சரவை அமைக்க முடியவில்லை. அரசாங்கம் அமைக்க முடியாதவர் நோர்வேயின் மன்னராகச் செயற்படவில்லை, ஆகவே ஒரே மன்னரின் கீழ் இருந்த ஒன்றியமும் இல்லை. இந்த வரிசையைச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். எழுதிப் பாடமாக்குவது எனக்குச் சரிவராது, நடந்துகொண்டே சொன்னால்தான் நிற்கும்.

மிச்சம் சுருக்கமாக:

- 1814: ஜனவரியில் கீல் ஒப்பந்தம் (டென்மார்க் நோர்வேயைச் சுவீடனுக்கு விட்டுக்கொடுத்தது), மே 17 நோர்வேயின் அரசியலமைப்பு, ஆகஸ்டில் மொஸ் உடன்பாடு (சுவீடனுடன் போர்நிறுத்தம், ஒன்றியத்துக்கு வழி). இதற்கு மேல் நேரம் செலவழிக்க வேண்டாம்.
- 1909: கிரிஸ்போடர்னா கடலெல்லை வழக்கு. ஹேக் நடுவர் மன்றம் அந்த மீன்பிடித் திட்டைச் சுவீடனுக்குக் கொடுத்தது, நோர்வே ஏற்றுக்கொண்டது. பிரிந்து நாலு வருடத்தில் இது! கட்டாயம் சொல்லுங்கள்.
- சாமி மக்களின் (வடபகுதிப் பழங்குடிகள்) கலைமான் மேய்ச்சல்: எல்லை தாண்டிய உரிமை. கார்ல்ஸ்டாட்டிலேயே பேசப்பட்டது.
- இரண்டாம் உலகப் போர்: 1940 முதல் 1943 வரை, நோர்வேயைப் பிடித்திருந்த ஜெர்மன் படையினர் சுவீடன் ரயில்களில் போய்வந்தார்கள். அதே சுவீடன் பல்லாயிரம் நோர்வே அகதிகளுக்கு இடம் கொடுத்தது. ஒன்றை மட்டும் சொன்னால் அது நியாயமில்லை.
- நேட்டோ: நோர்வே 1949, சுவீடன் 2024.

அப்புறம், 1905 வாக்கெடுப்பில் பெண்களுக்கு வாக்கில்லை. பெண்கள் அமைப்புகள் தாங்களே இரண்டரை இலட்சத்துக்குக் கிட்டக் கையெழுத்துத் திரட்டின. இதையும் தயாராக வைத்திருங்கள், என்னிடம் கடைசியாகக் கேட்டது இதைத்தான்.