அட்மிரல்ட்டியில் கூரையேறிய பூங்கா

சிங்கப்பூர்ப் பயணத்தின் செலவுக் கணக்கை வரிசையாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். முதியோர் வீடுகளையும் பூங்காவையும் ஒன்றாக அடுக்கிய கம்போங் அட்மிரல்ட்டி என்ற கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்த உற்சாகத்தில் அது பின்னுக்குப் போய்விட்டது. ஒரே ஒரு புலம்பலை மட்டும் முதலில் தீர்த்துக்கொள்கிறேன். லிட்டில் இந்தியாவில் நான் தங்கிய விடுதியில், சன்னலே இல்லாத அறைக்குப் ‘பசுமை அறை’ என்று பெயர் சூட்டிக் கூடுதல் வாடகை வாங்கினார்கள். அந்தப் பசுமை, சுவரில் ஆணியடித்து மாட்டிய பிளாஸ்டிக் இலைகள். ஒவ்வொரு சிங்கப்பூர் வெள்ளியையும் ரூபாயாகப் பெருக்கிப் பார்க்கிறவனுக்கு அவை எப்படி உறுத்தியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கம்போங் அட்மிரல்ட்டி, சிங்கப்பூரின் வடக்கே அட்மிரல்ட்டி எம்.ஆர்.டி. (நகர ரயில்) நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. நிலம் 0.9 ஹெக்டேர், 45 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்ற கட்டுப்பாடும் உண்டு. அதற்குள் முதியோருக்கான 104 வீடுகள், மருத்துவ நிலையம், உணவங்காடி, குழந்தைப் பராமரிப்பு நிலையம், இவற்றோடு ஒரு பூங்கா. வழக்கமாகத் துறைக்கொரு மனை என்று பிரித்துக் கட்டப்படுகிறவற்றை, அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் இங்கே ஒரே மனையில் அடுக்க முடிவு செய்தது. கட்டடத்தை வோஹா நிறுவனமும், நிலத்தோற்றத்தை, அதாவது மரம், செடி, நீர்வழி ஆகியவற்றின் அமைப்பை, ராம்போல் ஸ்டூடியோ டிரைசைட்டில் நிறுவனமும் வடிவமைத்தன. 2018இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த உலகக் கட்டடக்கலை விழாவில் அவ்வாண்டின் சிறந்த கட்டடமாக இது தேர்ந்தெடுக்கப்பட்டது.

விருதைவிட எனக்கு முதலில் தேவைப்பட்டது சாப்பாடு. இரண்டாம் தளத்து உணவங்காடியில் நண்பகலில் இடம் பிடிப்பது பெரும்பாடு. காலியாகத் தெரிகிற மேசையில் யாரோ ஒருவருடைய டிஷ்யூ பொட்டலம் இடம் பிடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். ஒருவழியாக ஒரு முதியவருக்கு எதிரே அமர்ந்து சாப்பிட்ட மீன் சூப்பும் சோறும், இந்தப் பயணத்திலேயே மிக மலிவான, மிக நிறைவான உணவு. குளிரூட்டி இல்லாத கூடம்தான். ஆனாலும் பக்கங்கள் திறந்திருப்பதால் காற்று தாராளமாக வந்தது.

உண்ட களைப்போடு மேலே ஏறியபோதுதான் இந்தக் கட்டடத்தின் அருமை விளங்கியது. பூங்கா, கூரையில் வைத்த தொட்டிகளின் கூட்டமாக இல்லை. படிப்படியாக இறங்கும் மேடைகளில், உண்மையான மரங்களோடு, நடந்து சுற்றும்படி விரிந்திருக்கிறது. குடியிருப்பாளர்கள் பயிரிடும் தோட்டமும் அங்கே உண்டு. சாதாரணத் தோட்டமண் நனைந்தால், ஒரு கன மீட்டர் ஒன்றரை டன்னைத் தாண்டும். மரம் எங்கே நிற்கும், அதன் வேருக்கு எத்தனை ஆழம் வேண்டும் என்பதைத் தளமும் தூணும் வரையப்படும்போதே சொல்ல ஆள் இருந்தால்தான் இப்படிப்பட்ட கூரை சாத்தியம். கட்டி முடித்து, சாயம் பூசி, மிச்சப் பணத்தில் ‘கொஞ்சம் பச்சை போடுங்கள்’ என்று நிலத்தோற்றக் கலைஞரை அழைத்தால் கிடைப்பது புல்தரையும் தொட்டிச் செடியும் மட்டுமே. பிறகு அந்தத் தளம் ஒழுகினால் பழியும் அவர் தலையில்தான் விழும்.

தண்ணீரின் கதையும் இதே போன்றதுதான். பூங்காவில் விழும் மழை செடிப் படுகைகளின் வழியே வடிந்து, தூய்மையாகி, சேமிக்கப்பட்டு, மறுபடியும் செடிகளுக்கே பாய்கிறது. பிஷான் - அங் மோ கியோ பூங்காவில் காங்கிரீட் கால்வாயாகக் கிடந்த காலாங் ஆற்றை வளைந்தோட விட்டவர்களும் இந்த டிரைசைட்டில் குழுவினர்தாம் என்பதால், இந்த நீர்வழியைப் பார்த்து நான் வியப்படையவில்லை. ஆனால் மழைக்குழாய் எங்கே இறங்க வேண்டும் என்பதில் கட்டடக் கலைஞர் அவர்களுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறாரே, அதைத்தான் வியந்தேன். நடுவில் உள்ள மருத்துவ நிலையத்தில் காத்திருப்போருக்கு மேலே பூங்காவும் கீழே முற்றமும் கண்ணில் படுகின்றன; பெரும்பாலான மருத்துவமனைகளில் தொலைக்காட்சிப் பெட்டிதான் இருக்கும்.

மாலையில் சைனாடவுன் அருகே அப்பர் பிக்கரிங் தெருவின் பார்க்ராயல் விடுதியையும் எதிரே உள்ள ஹொங் லிம் பூங்காவில் நின்று பார்த்தேன். உள்ளே ஓர் இரவு தங்கும் வசதி என் பணப்பைக்கு இல்லை. 2013இல் திறக்கப்பட்ட அதுவும் வோஹாவின் கட்டடம். நிலத்தோற்றம் டியெரா டிசைன். அதன் தோட்டங்கள் 15,000 சதுர மீட்டர், அதாவது மனையின் பரப்பைப் போல் இரு மடங்குக்கும் மேல். அழகில் அதுவே முந்துகிறது என்று ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், பணம் கொடுத்துத் தங்குவோருக்கான வானத் தோட்டத்தைவிட, முதியவர்கள் காசில்லாமல் நடக்கும் கூரைப் பூங்காவுக்கே என் வாக்கு.

போக விரும்புவோருக்கு: வடக்கு - தெற்கு ரயில் தடத்தில் அட்மிரல்ட்டியில் இறங்க வேண்டும். நுழைவுக் கட்டணம் இல்லை. மதியம் பன்னிரண்டுக்கு முன்பே சாப்பிட உட்கார்ந்துவிடுவது நல்லது.