‘எங்கள் நிலத்தடி நீர்’: ஒரு கட்டுரைக்குச் சட்டகம் போடுவது

சட்டகம், அதாவது எழுதுமுன் போடும் பந்தித் திட்டம், போடச் சொன்னால் பல பிள்ளைகள் கொப்பி ஓரத்தில் ‘முன்னுரை, பயன்கள், பாதிப்புகள், முடிவுரை’ என்று எழுதிவிட்டுக் கட்டுரைக்குள் இறங்கிவிடுகிறார்கள். எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற இந்தச் சொற்களை வைத்து என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாது. ஒவ்வொரு பந்திக்கும் வினைச்சொல்லோடு முடியும் ஓரிரு முழு வாக்கியங்கள் வேண்டும்.

யாழ்ப்பாணத்து நிலத்தடி நீர் பற்றி 250 சொற்களில் எழுதுவதென்றால், நடுப்பந்திகள் மூன்றுக்கும் இப்படி வைக்கலாம்:

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை, கிணற்றையே நம்பியிருக்கிறோம்.

மாரிமழை சுண்ணாம்புக்கல் வெடிப்புகளால் இறங்கித் தேங்குகிறது. தோட்டத்து உரமும் மலக்குழிக் கழிவும் அதே வழியால் இறங்குவதால் நீரில் நைத்திரேற்று என்ற உப்பு கூடுகிறது.

நன்னீர் உவர்நீருக்கு மேல் மிதக்கிறது. மோட்டரால் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும்.

இனி இரண்டு பந்திகளை இடம்மாற்றிப் பாருங்கள். எதுவும் கெடவில்லையென்றால் அங்கே ஒழுங்கு இல்லை, அடுக்கு மட்டும்தான் இருக்கிறது. மேலேயுள்ளதில் மூன்றாவதை முன்னே வைத்தால், நன்னீர் எப்படி அங்கே வந்தது என்ற கேள்வி தொங்கிக்கொண்டு நிற்கும்.

முன்னுரைக்கும் முடிவுரைக்கும் 35 சொற்கள் வீதம் போதும். மிச்சம் 180இல் இரண்டாவது பந்திக்கு 80 கொடுங்கள். காரணம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

முன்னுரையைக் கடைசியாக எழுதுவது நல்லது. பரீட்சையில் ஆறு வரி இடம் விட்டு நடுப்பந்தியில் தொடங்கலாம். முதலிலேயே எழுதப்போனால் ‘நீர் உயிர்களுக்கு இன்றியமையாதது’ என்றுதான் பேனை ஓடும். அந்த வரி மலைநாட்டு நுவரெலியாவுக்கும் பொருந்தும். நடுப்பகுதியை முடித்தவருக்கு, ‘மழை இறங்கும் வழியாலேயே எங்கள் கிணறுகள் கெடுகின்றன’ என்று தொடங்கத் தெரியும்.

பந்திக்குப் பந்தி ‘மேலும்’ வருகிறதா? அது சட்டகம் பிழைத்ததற்கு அடையாளம். ‘இதனால்’, ‘ஆனால்’, ‘அதே வழியால்’ என்று போட முடியாத இடத்தில் இணைப்பே இல்லை. சொல்லை மாற்றிப் பயனில்லை, பந்தியைத்தான் மாற்ற வேண்டும்.

45 நிமிடம் இருந்தால் சட்டகத்துக்கு 10, எழுத 27, வாசிக்க 8. வாசிக்கும்போது முதலில் எழுவாயையும் பயனிலையையும் பாருங்கள். ‘கிணறுகள்’ என்று தொடங்கிய நீள வாக்கியம் ‘உள்ளது’ என்று முடிந்திருக்கும். அதை ‘உள்ளன’ ஆக்குவதோடு நின்றுவிடாமல் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள்.